கன்டீன் திரையின் கடைசி வரி

கெடா மாநிலத்தின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் நான் பார்க்கும் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. அடையாள அட்டையில் ஆவணப் பிரிவு என்று போட்டிருக்கிறது. உண்மையில் சுவரில் தொங்கும் திரைகளுக்குப் பக்கம் செய்து கொடுப்பவள் நான். எந்த இயந்திரத்தை எப்படித் துடைப்பது, எந்த ரசாயனத்தை எங்கே வைப்பது, கன்டீனில் இன்று என்ன கறி, அடுத்த வாரம் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும், எல்லாம் என் மேசையிலிருந்துதான் போகும். தலைவலி என்று ஒரு நாள் படுத்துவிட்டால் மறுநாளும் பழைய கறியே திரையில் இருக்கும். அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது சின்ன எழுத்துகள்தான். நைட்ரஜன் குறியீட்டின் காலடியில் தொங்கும் இரண்டு, சதுர சென்டிமீட்டரின் தோளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு. யாரும் அவற்றைக் கவனித்துப் பாராட்டப் போவதில்லை. எனக்கு மட்டும் அவை கோணலாக நின்றால் சோறு இறங்காது.

இணையப் பக்கத்தில் ஒரு எண்ணை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் பார்க்கச் சுலபம். பொத்தானை அழுத்தினால் எண் சிறுத்து மேலே போய்விடும். ஆனால் சும்மா போகாது. தன் தலைக்கு இடம் வேண்டும் என்று அந்த வரி முழுவதையும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளும். எண் இருக்கும் வரிக்கும் இல்லாத வரிக்கும் நடுவே இடைவெளி கூடிக் குறைந்து, பக்கம் பல்வரிசை கெட்டதுபோல் ஆகிவிடும். இதற்கு மருந்து, பக்கத்தின் தோற்றத்தை ஆளும் சிஎஸ்எஸ் கோப்பில் ஒரே ஒரு வரி. அந்தச் சின்ன எண்ணுக்கு வரி உயரம் சுழியம் என்று சொல்லிவிட்டால் போதும். எண் மேலேயே நிற்கும், வரி அசையாது. பாலிடெக்னிக்கில் படித்த காலத்திலிருந்தே எனக்கு இது தெரியும்.

தெரிந்து என்ன செய்ய. எங்கள் கம்பெனியில் சிஎஸ்எஸ் கோப்பைத் தொடும் உரிமை எனக்கில்லை. அது சிலாங்கூரில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் கையில் இருக்கிறது. நான் எழுத்தை இடலாம், படத்தை இடலாம், அவர்கள் கொடுத்த பொத்தான்களை அழுத்தலாம். எழுத்து எவ்வளவு பெரிது, வரிக்கு வரி எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். சமைக்கச் சொல்லிவிட்டு உப்பு டப்பாவைப் பூட்டிக்கொண்ட மாதிரி.

இனி என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஒரே அண்ணனின் மனைவி. இதே தொழிற்சாலையில் காலை ஷிப்டில் ஆப்பரேட்டர். மைக்ரோஸ்கோப் வழியாகச் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கி வைக்கும் வேலை. கூலிமிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கிறார்கள். நானும் அங்கே பிறந்தவள்தான், படிப்பைச் சாக்கிட்டு டவுனுக்கு வந்துவிட்டேன். ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், ஆட்கள் குறைந்தார்கள், இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம் வீடுகள். ரப்பர் இருந்தவரை அண்ணி பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். அது போன பிறகு பல வருஷம் வீட்டிலேயே இருந்தார்.

அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். மனைவி வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி பஸ் தோட்டத்து முனைக்கே வந்து ஏற்றிப்போகும் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இறங்கி வந்தார். “பஸ்ல போறா, பஸ்ல வர்றா, எனக்கென்ன,” என்றார். அவர் கொடுத்த சம்மதம் அண்ணிக்கா பஸ்ஸுக்கா என்று நான் கேலி செய்வதுண்டு. பஸ் நின்றால் அண்ணியின் வேலையும் நின்றுவிடும் என்பது அந்தக் கேலிக்குள்ளேயே இருந்தது.

அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது அண்ணியின் முகம் வேறாகிவிடும். “ஏர்கான்ல உக்காந்து, நீலச் சட்டை போட்டு, ஒரு மனுசன் நம்மள அதட்டாம, ஒருநாள் போறதே தெரியல பாப்பா,” என்பார். பாப்பா என்பது நான். எனக்கு நாற்பது நெருங்குகிறது, இன்னும் பாப்பாதான்.

பஸ் நேரப் பக்கத்தில் முன்பு எண்கள் எதுவும் இல்லை. இடத்தின் பெயர், நேரம், அவ்வளவுதான். வியாழக்கிழமை பஸ் முன்னதாகப் புறப்படும், பொது விடுமுறையில் சில தடங்கள் ஓடாது, நோன்பு மாதத்தில் நேரம் மாறும். இதெல்லாம் எங்கும் எழுதியில்லாததால் ஆட்கள் மாறி மாறி வந்து சண்டை பிடித்தார்கள். மனிதவளப் பிரிவில் இருக்கும் மலாய்ப் பெண் என் மேசைக்கு வந்தாள். நல்ல பெண், குரலே உயர்த்தமாட்டாள். “காக், நொம்போர் கெச்சில் லெத்தாக் ஆத்தாஸ் லா,” என்றாள், அக்கா, சின்ன எண்ணை மேலே வையுங்கள் என்று. நேரத்தின் தோளில் சின்ன எண்ணைப் போட்டு, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் ஒரு பெட்டியில் விளக்கம் கொடுக்க வேண்டும். எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். என் சின்ன எழுத்துகளை ஊரே பார்க்கப் போகிறது.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பக்கம் கன்டீன் திரைக்குப் போனது. வியாழன் என்றால் எங்களுக்கு வாரத்தின் கடைசி நாள். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஆப்பரேட்டர்கள் வியாழன் மதியம் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த வாரத்து பஸ் நேரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். என் கணினியில் பக்கம் அழகாக இருந்தது, மேலிருந்து கீழ் வரை உருட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன். கன்டீனுக்கு நான் போவதில்லை. வீட்டுச் சோற்றை மேசையிலேயே தின்றுவிட்டு வேலையைப் பார்க்கிறவள். வந்து பார் என்று என்னை யாரும் கூப்பிடவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பசியாறினாயா என்று கேட்டார், தட்டு எடுத்துக் கொடுத்தார். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே, ஞாயிற்றுக்கிழமை வேலையை விடப்போவதாக லெட்டர் கொடுக்கப்போகிறேன் என்றார்.

“ஏன் அண்ணி, என்னாச்சு?”

“பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்கல்ல.”

“யாரு நிப்பாட்டினா?”

“கன்டீன் டிவில நம்ம எடத்த எடுத்துட்டாங்களே. மூணு வாரமாச்சு. ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன். அண்ணி கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“நீதான டிவில போடுற. ஒனக்குத் தெரியாம எடுப்பாங்களான்னு நெனச்சேன். மேலேர்ந்து சொல்லியிருப்பாங்க, பாவம் நீ என்ன பண்ணுவ. நாம வேற கேட்டு ஒனக்கு எதுக்கு சங்கடம்னு இருந்துட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யார் மேல் என்று தெரியாத கோபம். “டிரைவர்கிட்டயாச்சும் யாராவது கேட்டிருக்கலாம்ல,” என்று கத்தினேன்.

“பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க. அவரு தெங்கொக் ஸ்கிரீன் லான்னுட்டாரு.”

திரையைப் பார் என்று சொல்லியிருக்கிறார். அவரும்தான் என்ன செய்வார்.

என் கோபத்தை அண்ணி பொருட்படுத்தவில்லை. “பெரட்டுல பேரு கூப்புடலன்னா வீட்டுக்குப் போயிடணும் பாப்பா. ஏன்னு நின்னு கேட்டா மறுநாளும் கூப்புட மாட்டாங்க. ஒங்கப்பாவே அப்படித்தான் திரும்பி வருவாரு,” என்றார். மீனைத் திருப்பிப் போட்டார்.

பெரட்டு எனக்கும் நினைவிருக்கிறது. விடிவதற்கு முன் களத்தில் கூடி நிற்பார்கள், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் கூப்பிடுவார். பெயர் வந்தவர்கள் காட்டுக்குள் போவார்கள், வராதவர்கள் வாளியோடு திரும்புவார்கள். ஏன் என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இப்போது கிராணி இல்லை, களம் புல் மண்டிக் கிடக்கிறது. என் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதே ஆட்கள் அதே மாதிரி திரும்பியிருக்கிறார்கள்.

பஸ் நின்றதாக முடிவு செய்த பிறகு ஆளுக்கொரு வழி பார்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வேலையை விட்டுவிட்டு டவுனில் ஒரு சீனர் மளிகைக்கடைக்குப் போய்விட்டார். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் மோட்டாரில் போனார்கள். அண்ணி ஒரு பெண்ணின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போய்வந்தார், அந்தப் பெண்ணுக்கு ஷிப்ட் மாறியதும் அதுவும் நின்றது. அண்ணன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். “பஸ்ஸு இல்லன்னா வேணாம்னு மொதல்லயே சொல்லித்தான அனுப்பினேன்.” அவர் சொன்னதில் பொய் இல்லை.

லெட்டர் கொடுக்காதீர்கள், நான் பார்க்கிறேன் என்று அண்ணியிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கன்டீனுக்குப் போனேன். தொலைக்காட்சியின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் விளங்கிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் ஒரு சின்ன எண். ஒவ்வொரு எண்ணும் தன் வரியைக் கொஞ்சம் தூக்கியிருந்தது. ஒரு வரியில் பார்த்தால் நகக்கண் அளவுகூட இருக்காது. எல்லாம் சேர்ந்து ஒரு வரிக்கு இடமில்லாமல் ஆக்கிவிட்டன. திரையின் அடியில் பாதுகாப்பே முதன்மை என்று மலாயில் ஓடும் பச்சைப் பட்டை ஒன்று உண்டு. கடைசித் தடம் எங்கள் தோட்டத்தினுடையது, கடைசியாகச் சேர்த்ததால் கடைசி. அது அந்தப் பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. என் கணினியில் உருட்டிப் பார்க்கலாம். சுவரில் தொங்கும் திரையை யார் உருட்டுவது?

எண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எடுக்க எடுக்க வரிகள் நெருங்கி வந்தன, தோட்டத்தின் பெயர் பட்டைக்கு மேலே பாதி தலையை நீட்டியது. மேசை துடைக்கிற அக்கா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

தலைமை அலுவலகத்துக்கு அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. எங்களுக்கு வேலை நாளான ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. அவர்கள் வேலை செய்கிற வெள்ளியில் நாங்கள் வீட்டில் இருப்போம். சின்ன எண்ணின் வரி உயரத்தைச் சுழியமாக்குங்கள், ஒரே வரி, தயவு செய்து என்று எழுதிப் புகார் பதிந்தேன். உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று கணினி பதில் போட்டது. மனிதர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சும்மா இருக்க முடியாமல் வேறு வழி ஒன்று செய்தேன். எழுத்துருவிலேயே பிறவியில் குட்டியாக உள்ள எண்கள் சில உண்டு. அவற்றை யாரும் மேலே ஏற்ற வேண்டாம், அவையே தோளில் உட்கார்ந்திருக்கும், வரியை அசைக்காது. பார்க்கச் சற்று மெலிந்திருக்கும், எனக்குப் பிடிக்காது. பிடித்தமாவது ஒன்றாவது. பொத்தானால் ஏற்றிய எண்களைத் தூக்கிவிட்டு இவற்றை வைத்தேன். பச்சைப் பட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தின் பெயர் முழுசாக வந்து நின்றது. அந்த இடத்திலேயே அண்ணியை அழைத்தேன்.

“அண்ணி, வந்திருச்சு. நாளைக்கு முனைக்குப் போயி நில்லுங்க.”

“நெசமாவா பாப்பா?”

“டிவி முன்னாலதான் நிக்கிறேன்.”

மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி அழைத்தார். குரலில் குறை எதுவும் இல்லை. “பஸ்ஸு வரல பாப்பா. கொஞ்ச நேரம் பாத்தேன். சரி, நான் வீட்டுக்குப் போறேன்,” என்றார். என் காரை, எங்கள் பேச்சில் காடியை, எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது நீலச் சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

பஸ் விவகாரத்தைக் கவனிப்பவர் எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறார். தமிழர், வயதானவர், எல்லாப் பெண்களையும் தங்கச்சி என்பார். அவரிடம் போய் நின்றேன்.

“பஸ்ஸு வந்துச்சு தங்கச்சி. மொத வாரம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் வந்து நின்னுச்சு. டிரைவர் ஹாரன்கூட அடிச்சுப் பாத்தாரு. ஒரு ஆளு இல்ல. கான்ட்ராக்டர் எழுதிக் குடுத்துட்டாரு, ஆளு இல்லாத எடம்னு. அந்த பஸ்ஸ பெண்டாங் ரூட்டுக்கு மாத்தியாச்சு.”

வீடுகள் முனையிலிருந்து வெகுதூரம் உள்ளே, மோட்டாரில் போகிறவர்களுக்குச் செம்பனைக்குள் குறுக்குப் பாதை, அந்த ஹாரன் யார் காதிலும் விழுந்திருக்காது. ஆள் ஏன் வரவில்லை என்று சொன்னேன். சின்ன எண், தூக்கிய வரி, பச்சைப் பட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே அது பிள்ளைகள் சொல்லும் சாக்குபோல் இருந்தது.

“அந்தச் சின்ன நம்பராலயா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“கம்ப்யூட்டர் சங்கதி எனக்குத் தெரியாதும்மா. சரி, இப்ப எத்தன பேரு ஏறுவாங்க? பேரு குடு, நான் பேசிப் பாக்குறேன்.”

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். மளிகைக்கடைக்குப் போனவர் திரும்பி வரமாட்டேன் என்றார், மறுபடி நிப்பாட்டமாட்டார்கள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். மோட்டாரில் போகிறவர்களுக்கு அது பழகிவிட்டது. கேட்கவே மாட்டார்கள் என்று நான் கோபப்பட்ட ஆட்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அந்த நிச்சயம்தான். கடைசியில் கீழ்த்தளத்து அண்ணனிடம் நான் கொடுத்த பெயர் ஒன்றே ஒன்று, அண்ணியுடையது. அவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்க்காமல், “ஒரு ஆளுக்கு பஸ்ஸு திரும்பாது லா, தங்கச்சி,” என்றார்.

ஒரு வாரம் நானே அண்ணியை ஏற்றிப்போனேன். இருட்டோடு கூலிமிலிருந்து தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலைக்கு வந்து, என் வேலை தொடங்கும்வரை காடியிலேயே தூங்குவேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டில் வந்து தங்குங்கள் என்றும் கூப்பிட்டேன், அண்ணன் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. வார முடிவில் அண்ணியே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“இது நான் வேலைக்குப் போற மாதிரி இல்ல பாப்பா. நீ என்னத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. பஸ்ஸுல ஏறி நானா போனேன் பாரு, அதுதான் எனக்கு.”

லெட்டர் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் நோட்டீஸ் காலம் வேலை பார்க்க வேண்டும். அதுவரைக்கும் என் காடியில் வருவதாகச் சம்மதித்தார்.

அந்த நாட்களில் எனக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்று கீழ்த்தளத்திலிருந்து. ஓடாத தடம் திரையில் இருந்தால் யாராவது போய் நின்று ஏமாறுவார்கள், தயவு செய்து அந்த வரியை எடுத்துவிடவும் என்று இருந்தது. நியாயமான பேச்சு. அண்ணி ஏமாந்து வீடு திரும்பியதை நானே பார்த்தவள், எதைச் சொல்லி மறுப்பது? முன்பு எடுத்தது யார் என்றால் யாருமில்லை. இந்தத் தடவை நான் எடுத்தேன். தோட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானை அழுத்தி, சேமித்தேன். என் வேலையில் அதைவிடச் சுலபமான காரியம் வேறில்லை.

இரண்டாவது தலைமை அலுவலகத்திலிருந்து. சின்ன எண்களின் வரி உயரத்தைச் சுழியமாக்கிவிட்டோம், எல்லாக் கிளைகளுக்கும் இனி இதுதான், சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று ஒரு பையன் எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தலைவலி வந்தது.

அண்ணியின் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று நானும் கன்டீனுக்குப் போய் அவரோடு சாப்பிட்டேன். நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுச் சுடிதாரில் வந்திருந்தார். கூட வேலை செய்த பெண்கள் வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். அவர் பழக்கதோஷத்தில் தலையை நிமிர்த்தி அடுத்த வாரத்து பஸ் நேரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எண்கள் அளவாக, ஒரே உயரத்தில், நான் எப்போதும் ஆசைப்பட்டபடி உட்கார்ந்திருந்தன. வரிகள் இம்மி பிசகவில்லை. கடைசி வரிக்கும் பச்சைப் பட்டைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு துண்டு இடம் தெரிந்தது.

அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குற்றம் சொல்கிற குரலில்லை, சும்மா தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்.

“அடியில எடம் கெடக்குதே பாப்பா. நம்ம பேரு அதுல கொள்ளாதா?”

கொள்ளும் அண்ணி என்றேன்.